முதல் பாதிக்கு மட்டும் இரண்டு பிராங்

கியோஸ்கில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: சிகரெட் வாங்க வருகிறவரிடம் அவசரம் இருக்கும், பத்திரிகை வாங்க வருகிறவரிடம் சில்லறை இருக்கும், பந்தயச் சீட்டு வாங்க வருகிறவரிடம் கருத்து இருக்கும். அந்தக் கருத்தை முழுதாகக் கேட்டு முடிக்காமல் அவரிடமிருந்து காசை வாங்க முடியாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று சம்பளம் எடுத்த எல்லோருக்கும் இந்த வேதனை புரியும். நீங்களும் என் கட்சிதான் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சுவிஸில் லுசேர்ண் ஸ்டேஷனிலிருந்து ஏரிக்கரை ஹோட்டல்களுக்குப் போகிற தெருவில் எங்கள் கியோஸ்க். முதலாளி ஃப்ராவ் பீரி, சுவிஸ்காரி. நின்றபடி கோப்பி குடிக்க இரண்டு மேசைகள், ஒரு கோப்பி மெசின், மூலையில் பந்தய மெசின். பதினொரு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது கால்பந்தில் ஒரு பக்கத்தில் எத்தனை பேர் விளையாடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது வெள்ளிக்கிழமை காலையிலேயே இங்கிலாந்தில் யாருக்குத் தொடைத் தசை பிடித்திருக்கிறது என்று சொல்லுவேன். என் புருஷனுக்கு முதுகு பிடித்திருந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

போன இலையுதிர் காலத்தில் எனக்கு ஒரு படிவம் வந்தது. எங்கள் வாடிக்கையாளர் நேசன் அண்ணை சுவிஸ் குடியுரிமைக்கு இரண்டாந்தரம் விண்ணப்பித்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒரு ஹோட்டலில் சமையல்காரர், இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில். முதல்தரம் அவருடைய கெமைன்டே, அதாவது ஊராட்சி, “ஊரோடு ஒட்டவில்லை, எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை” என்று ஒத்திவைத்துவிட்டது. எல்லாச் சங்கமும் கூடுவது மாலையிலும் வார இறுதியிலும். அந்த நேரத்தில் நேசன் அண்ணை மற்றவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். இந்தமுறை விண்ணப்பத்தில் அவருடைய மகள் அபிராமியும் இருந்தாள். அவளுக்குப் பொலிஸ் வேலையில் சேர ஆசை, அதற்குச் சுவிஸ் பாஸ்போர்ட் வேண்டும். இந்தமுறையும் தள்ளிப்போனால் அவள் வேறு படிப்புப் பார்க்க வேண்டியதுதான்.

சாட்சிக்கு அவர் கொடுத்த பெயர் என்னுடையது. படிவத்தில் ஒரு கேள்வி: இவரை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும்? பதிலுக்கு ஐந்து வரி. பந்தயம் கட்ட வருகிறவர் என்று எழுதினால் மனிதர் கெட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்று எழுதினால் நான் பொய்க்காரி. இரண்டு கிழமை, பதினான்கு நாளும், பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தவைதான் கீழே இருப்பவை.

அரை ஆட்டக்காரர்

ஹோட்டல் சமையலறையில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு முடியும். இரவுச் சாப்பாட்டு வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும். இடையில் இருக்கிற மூன்று மணித்தியாலத்துக்கு இங்கே சிம்மர்ஸ்டுண்டே என்று பெயர். வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது, சும்மா இருக்கவோ நேரம் அதிகம். சனிக்கிழமைகளில் இங்கிலாந்தில் மூன்று மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் எங்களுக்கு நான்கு மணி. முதல் பாதி முடிய நாலே முக்கால். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நேசன் அண்ணை நடக்கத் தொடங்கினால்தான் ஐந்துக்கு அடுப்படியில் நிற்கலாம்.

ஆகவே எங்கள் கடைக்கு வருகிற தமிழ்ச் சமையல்காரர்கள் ஒருவரும் ஆட்டத்தின் முடிவில் பந்தயம் கட்டுவதில்லை. முதல் பாதியில் யார் முந்துவார்கள், முதல் கோலை யார் அடிப்பான், இவ்வளவுதான். இரண்டாம் பாதியில் உலகம் புரண்டாலும் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஃப்ராவ் பீரி இதை வருடக்கணக்காகக் கவனித்துவிட்டு, பாதி ஆட்டத்துக்கு மேல் பந்தயம் கட்டக்கூடாது என்று உங்கள் சமயத்தில் இருக்கிறதா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். மரியாதையோடுதான் கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்வியை நேசன் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் யோசிக்காமல் சொன்னார்:

“ரெண்டாம் பாதியிலை அடிக்கிறவனை நினைச்சுக்கொண்டு வெங்காயம் வெட்டினால் விரல்தான் போகும் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி.”

கணுக்கால்

பந்தய மெசினில் ஒவ்வொரு ஆட்டக்காரன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு இலக்கம் ஓடும். க்வோட்டே என்பார்கள். இலக்கம் சின்னதென்றால் இவன் கோல் அடிப்பான் என்று உலகம் நம்புகிறது. பெரிதென்றால் நம்பவில்லை. நீங்கள் வைத்த காசை அந்த இலக்கத்தால் பெருக்கினால் வெற்றிப் பணம். எனக்கு இந்த விளக்கம் புரியவே ஒரு மாதம் எடுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சஞ்சிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நீலச் சட்டை அணியின் முன்வரிசைக்காரன் ஒருவனுக்கு நாலரை என்று நின்றது. திரும்பிப் பார்க்கிறேன், ஆறு. இன்னும் பத்துச் சஞ்சிகை அடுக்கினேன், ஒன்பது. பிறகு பெயரே இல்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் செய்தி வந்தது: காலைப் பயிற்சியில் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். எங்கோ ஒரு புல்வெளியில் ஒருவன் காலைப் பிசகி வைக்கிறான், இங்கே சொக்லேட்டுக்கும் சிகரெட்டுக்கும் நடுவில் என் கண்முன்னால் இலக்கம் துடிக்கிறது. கோப்பிக்கு வந்த நேசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் மெசினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்தப் பெடியன்ர மனிசிக்கே இனித்தான் போன் போகும், உங்கட மெசினுக்குப் போய்ட்டுது.”

கோயம்புத்தூர்க் கணக்கு

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பையன். இங்கே ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணக்கு வேலை. யார் கோல் அடிப்பான் என்று சொல்ல அவனே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியிருந்தான். மடிக்கணினியை மேசையில் விரித்து, ஐந்து வருட ஆட்டங்கள் எல்லாம் உள்ளே இருக்கிறது என்பான். அந்தச் சனிக்கிழமை புரோகிராம் சொன்னது வழக்கமான முன்வரிசைக்காரனை. நேசன் அண்ணை கை வைத்தது எதிரணியின் நடுப் பின்வரிசைக்காரனில். க்வோட்டே பதினேழு. கார்த்திக் மரியாதையான பிள்ளை, அதனால் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

நேசன் அண்ணைக்குத் திங்கள்தான் லீவு. அன்று பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். “இண்டைக்கு அங்காலை கோல்கீப்பர் மாறி” என்று கார்த்திக்குக்கு விளக்கினார். “புதுப் பெடியன் உயரப் பந்துக்கு வெளியிலை வரமாட்டான். இவன் கோர்னருக்கு எப்பவும் பின்தூணடிக்குத்தான் போறவன். அங்கை இவனை மறிக்கிற ஆள் கட்டை.” பன்னிரண்டாவது நிமிடம். கோர்னர். பின்தூண். தலை. அண்ணையோடு வேலை செய்கிற ரூபனின் கைபேசியில் ஆட்டம் ஓடியது, அது சீனிப் போத்தலில் சாய்ந்திருந்தது, நாங்கள் எல்லோரும் அதற்குள் விழாத குறை. நான் வாயைத் திறந்தபடி நேசன் அண்ணையைப் பார்த்தேன். அவர் கோப்பிக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்தார். கார்த்திக் மெதுவாக மடிக்கணினியை மூடிவிட்டு என் காதுக்குள் சொன்னான்:

“அக்கா, அண்ணன் என்ன மாடல் யூஸ் பண்றாருன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.”

வலை

ரூபன் நேசன் அண்ணையின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவன், முப்பது வயது, பத்துப் பேரின் சத்தம். கார்த்திக்கைத் தோற்கடித்த அந்தக் கோலுக்குப் பிறகு அவனுக்குப் பின்வரிசைக்காரர்கள்மேல் பைத்தியம். அடுத்த கிழமை இன்னொரு பின்வரிசைக்காரனில் கட்டினான். அவனும் கோல் அடித்தான், ஆனால் தன்னுடைய வலைக்குள். ரூபன் மேசையைச் சுற்றி ஆடிவிட்டுச் சீட்டை நீட்டினான். சொந்த வலைக்குள் அடித்தால் கோல் அடித்தவன் கணக்கில் வராது என்று மூன்று தரம் விளக்கினேன். அவன் ஃப்ராவ் பீரியிடம் மேல்முறையீடு செய்தான். அவரும் கையை விரித்தார்.

“வலை வலைதானே அக்கா, எந்தப் பக்கத்து வலை எண்டு பந்துக்குத் தெரியுமோ?”

சஷ்டி

கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் ஆட்கள் பலர் விரதம். விரதகாலத்தில் பந்தயம் கட்டமாட்டார்கள். சூரன்போருக்குத் திரிம்பாக் ஊர்க் கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடம் அந்தச் சனிக்கிழமை எங்கள் மேசைகள் இரண்டும் காலி. ரூபனின் நண்பன் ஒருவன் மட்டும் வந்தான், அவனும் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு மெசின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் போனான். ஃப்ராவ் பீரி பயந்துவிட்டார், பக்கத்தில் போட்டிக் கடை வந்துவிட்டதோ என்று. நான் விஷயத்தைச் சொன்னதும் கோயில் கலண்டர் ஒன்று வேண்டும் என்றார். இப்போது சிகரெட் அலுமாரிக்குப் பக்கத்தில் முருகன் நிற்கிறார், சஷ்டி நாட்களைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஃப்ராவ் பீரியின் கோடு. ஆறு நாள் சாப்பாட்டையும் சூதாட்டத்தையும் ஒன்றாக விடுகிற மனிதர்களை அவர் தன் வாழ்க்கையில் கண்டதில்லையாம். வியப்பு முடிந்ததும் வியாபாரம் வந்தது.

“அந்தக் கடவுளிடம் சொல்லு, லீக் ஆட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து விரதத்தை வைக்கச் சொல்லி.”

மூன்று சனிக்கிழமை

இந்தச் சீட்டு விற்கிற எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு உண்டு. சூதாட்டம் யாருக்கு நோயாகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தருவார்கள். ஒரே மணித்தியாலத்தில் திரும்பி வருகிறவர், தோற்ற உடனே தொகையைக் கூட்டுகிறவர், குரல் மாறுகிறவர். எனக்கு இப்போது ஒருவர் கதவைத் திறக்கிற விதத்திலேயே தெரியும். தெரிந்து நிம்மதி கெட்டதுதான் மிச்சம்.

ஒருமுறை நேசன் அண்ணை தொடர்ந்து மூன்று சனிக்கிழமை முதல் கோல் அடித்தவனைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான்காவது சனிக்கிழமை ஏரிக்கரைச் சமையலறைகளில் பாதி எங்கள் கடையில் நின்றது. ரெனான் என்ற ஊரிலிருந்து ரூபனின் மச்சான் போனில் காத்திருந்தான். வழக்கமாக ஐந்து பிராங் கட்டுகிறவன் கையில் ஐம்பது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கையில் நூறு. எல்லோரும் நேசன் அண்ணையின் வாயைப் பார்க்கிறார்கள். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். பிறகு, இந்தக் கிழமை தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ரூபன் கெஞ்சினான், கோபித்தான். அண்ணை தன்னுடைய சீட்டையும் நிரப்பாமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கூட்டம் கரைந்தது.

அடுத்த ஐந்து சனிக்கிழமையும் அவர் கட்டவில்லை. கோப்பி குடித்தார், ஆட்டம் பார்த்தார், போனார். பயிற்சி வகுப்பில் நிறுத்த முடியாதவர்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். வென்றுகொண்டிருக்கும்போது நிறுத்துகிற மனிதரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாவது கிழமை ஆட்கள் மறந்த பிறகு பழையபடி இரண்டு பிராங்கை நீட்டினார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“பிள்ளையளுக்குப் பால் வாங்கிற காசிலை என்ர விளையாட்டை விளையாட வெளிக்கிட்டாங்கள் தங்கச்சி, பிறகு அது என்ன விளையாட்டு?”

ஐந்து வரி

இவ்வளவையும் நினைத்து முடித்தபோது படிவத்துக்குக் கடைசி நாள். நேசன் அண்ணையின் மனைவி சுகந்தி போன் எடுத்து, “பந்தயம் எண்ட சொல்லே வரக்கூடாது அக்கா, கோயிலிலை தெரியும் எண்டு எழுதுங்கோ” என்றாள். ஓம், சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு எழுதினேன்: “பதினொரு வருடமாகச் சனிக்கிழமைகளில் நான்கு மணியிலிருந்து ஐந்துக்குப் பத்து வரை எங்கள் கியோஸ்கில் ஆங்கிலக் கால்பந்துக்குப் பந்தயம் கட்டுகிறார். எப்போதும் இரண்டு பிராங். ஒருநாளும் கூட்டியதில்லை. நம்பாவிட்டால் சனிக்கிழமை வந்து பாருங்கள்.” தபாலில் போட்ட பிறகு ஃப்ராவ் பீரியிடம் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, நான் அபிராமியின் வேலையைப் பந்தயத்தில் வைத்துவிட்டேன் என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஒரு பெண்மணி வந்தார். குட்டைத் தலைமுடி, மழைச் சட்டை. “என்னை வரச்சொல்லி எழுதியது நீங்களா?” என்று கேட்டார். கெமைன்டேயின் குடியுரிமைக் கமிஷனில் ஒருவர். ஒரு கோப்பியை வாங்கிக்கொண்டு இரண்டாவது மேசையில் நின்றார். என்னால் நேசன் அண்ணைக்குக் கண் காட்டக்கூட முடியவில்லை. அவர் வழக்கம்போல வந்தார், இரண்டு பிராங் கட்டினார். ஓய்வுபெற்ற ரயில் பரிசோதகர் ஹான்ஸ்பேட்டரோடு சுவிஸ் ஜெர்மனில் சண்டை பிடித்தார். கார்த்திக்குக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார், ரூபனைத் தமிழில் அடக்கினார். அந்தப் பெண்மணிக்கு வழிவிட்டு, கைபேசித் திரை தெரிகிறதா என்றும் கேட்டார்.

முதல் பாதியில் அதுவரை கோல் இல்லை. முடிகிற நேரத்தில் பெனால்டி. அடிக்கப் போகிறவன் நேசன் அண்ணை கட்டிய அதே ஆள். நடுவர் விசிலை ஊதவில்லை, வீடியோவில் பார்க்கிறார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஹான்ஸ்பேட்டர் மேசையைப் பிடித்துக்கொண்டார், ரூபன் முருகன் கலண்டரைப் பார்த்துக் கும்பிட்டான். மணி ஐந்துக்குப் பத்து. நேசன் அண்ணை கோப்பையை என்னிடம் தந்தார், சீட்டையும் தந்தார். “வாறன் தங்கச்சி” என்றார். ரூபனின் கொலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயேவிட்டார். கதவு மூடியது.

அந்தப் பெண்மணி கோப்பையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். “போகிறாரா? இப்போதா?” என்று கேட்டார். ஃப்ராவ் பீரி, “ஐந்து மணிக்கு சூப்” என்றார். பெனால்டி கோல் ஆனது. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது அந்தப் பெண்மணிதான். அதனால் வெட்கப்பட்டு மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“நான் நான்கு சங்கங்களில் இருக்கிறேன். ஒரு கூட்டத்திலும் ஒருவரும் சொன்ன நேரத்துக்கு எழுந்து போனதை நான் பார்த்ததில்லை.”

கடிதத்துக்கு முன்

அடுத்த மாதம் நேர்முகம் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்மணியைக் கண்டபோதுதான் நேசன் அண்ணைக்கு விஷயம் விளங்கியது. வந்து வழக்கம்போலக் கோப்பி வாங்கினார். சுகந்தி மட்டும் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். அபிராமி பாடசாலை முடிந்து ஓடிவந்து ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்தாள்.

அந்த இடைவெளியில் ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்மணி திரும்ப வந்தார். கமிஷன் வேலையாக இல்லை, தானும் ஒரு சீட்டுக் கட்டவேண்டுமாம். கூச்சத்தோடு இரண்டு பிராங்கைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற நேசன் அண்ணையிடம் இன்றைக்கு முதல் கோலை யார் அடிப்பான் என்று கேட்டார். ரூபன் அண்ணையின் முதுகில் இடித்தான், சொல்லுங்கோ சொல்லுங்கோ என்று. எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவரிடம் பதில் இருக்கிறது. கடிதம் இன்னும் எழுதப்படவில்லை என்பதும் தெரியும். ஒரு பெயர்தானே, சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று நான் மனதுக்குள் பதறினேன். நேசன் அண்ணை கைகளைத் துடைத்துக்கொண்டு, நல்ல ஜெர்மனில், பணிவாகச் சொன்னார்:

“மன்னிக்க வேண்டும் அம்மா, கடிதம் வரும்வரை உங்களுக்கு நான் டிப்ஸ் தர முடியாது, அது லஞ்சம்.”

கடிதம் பங்குனியில் வந்தது, அபிராமி பொலிஸ் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள், நேசன் அண்ணை சுவிஸ் குடிமகனாக அந்தப் பெண்மணிக்குக் கொடுத்த முதல் டிப்ஸ் படுதோல்வி; ஆகவே இத்தனை வருடம் இந்த மெசினுக்குப் பக்கத்தில் நின்ற நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, இந்த மனிதரை நம்பி எதையும் வைக்கலாம், அவர் சொல்லுகிற கோல்காரனை நம்பி மட்டும் இரண்டு பிராங்குக்குமேல் வைக்கக்கூடாது என்பதுதான்.